பழைய நிரலை யார் சுமப்பது? கெர்னல் குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், 2025 ஜனவரியில் வெளியான லினக்ஸ் கெர்னலின் (வன்பொருளுக்கும் மற்ற நிரல்களுக்கும் இடையே நிற்கும் இயங்குதள மையத்தின்) 6.13 பதிப்பிலிருந்து ரெய்சர்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) நீக்கப்பட்டதை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை எதற்காக நீக்க வேண்டும் என்ற ஆதங்கம் பெரும்பாலான கடிதங்களில் தெரிந்தது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பயன்படாத நிரல் ஒரு மூலையில் கிடந்துவிட்டுப் போகட்டுமே, ஐயா. வட்டில் இடத்துக்கா பஞ்சம்? வேண்டியவர் சேர்த்துத் தொகுத்துக்கொள்ளலாம், வேண்டாதவர் விட்டுவிடலாம் என்ற வசதி கெர்னலில் ஏற்கெனவே இருக்கும்போது நீக்கியே தீர வேண்டும் என்பது எதற்கு?
— பொறியியல் மாணவர், கோவை

பதில்: பரணில் ஏற்றிவைத்த பித்தளை அண்டா எத்தனை ஆண்டு கிடந்தாலும் வீட்டாரிடம் எதையும் கேட்பதில்லை. கெர்னலுக்குள் கிடக்கும் நிரல் அப்படிச் சும்மா கிடப்பதில்லை.

லினக்ஸ் கெர்னல், தன்மேல் ஓடும் பயனர் நிரல்களுக்குத் தரும் இடைமுகத்தை மாற்றுவதில்லை என்று உறுதி சொல்கிறது. ஆனால் தனக்குள்ளே ஒரு பகுதி மற்றொரு பகுதியை அழைக்கும் விதத்துக்கு அப்படி எந்த உறுதியும் தருவதில்லை. நினைவக மேலாண்மையிலோ வலையமைப்பிலோ ஓர் உட்செயற்கூற்றை ஒருவர் மாற்றினால், அதை அழைக்கும் எல்லா இடங்களையும் அவரே திருத்தித் தர வேண்டும் என்பதுதான் அங்கே நடைமுறை. அதாவது, தாம் கண்ணால் கண்டிராத, கடைகளில் கிடைக்காமல் போய் இருபது ஆண்டுகள் ஆகிவிட்ட ஓர் அட்டையின் டிரைவரையும் (அந்தக் கருவியை இயக்கும் நிரலையும்) அவர் திறந்து, ஊகித்து, மாற்றி எழுத வேண்டும். சோதித்துப் பார்க்க வன்பொருள் கையில் இல்லை. தொகுப்பான் (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கருவி) பிழை காட்டவில்லை என்றால் சரியாக இருக்கும் என்று நம்பிக்கொள்வார். இப்படிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்த திருத்தங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த டிரைவர் தொகுக்கப்படும். ஓடுமா என்பது யாருக்கும் தெரியாது. 1991இல் வந்த 0.01 பதிப்பில் மொத்தம் 10,239 வரிகள் இருந்தன. இன்று அது ஏறத்தாழ 4 கோடி வரிகள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இந்தச் சுமையையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கிறது.

வேண்டாதவர் விட்டுவிடலாம் என்கிறீர்கள். சொந்தமாகக் கெர்னலைத் தொகுத்துக்கொள்பவர் எத்தனை பேர்? நம்மில் பெரும்பாலோர் உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்ற வெளியீட்டாளர்கள் தொகுத்துத் தருவதையே பயன்படுத்துகிறோம். யாருக்கு எது தேவைப்படுமோ என்று அவர்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மாடியூல்களாக, அதாவது தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் துண்டுகளாக, சேர்த்தே அனுப்புகிறார்கள். அந்த மாடியூல்களில் பலவற்றை, சாதாரணப் பயனர் ஒருவர் ஒரு சாக்கெட்டை (வலையமைப்புத் தொடர்பு முனையை) திறக்கக் கேட்டாலே கெர்னல் தானாக ஏற்றிக்கொள்ளும்.

டிசிசிபி என்னும் வலையமைப்பு நெறிமுறையின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 2005இல் 2.6.14 பதிப்பில் சேர்ந்த அதை நடைமுறையில் பயன்படுத்தியவர் மிகச் சிலர். ஒரு நினைவகத் துண்டை இருமுறை விடுவித்துவிடும் பிழை அதில் அநேகமாகத் தொடக்கத்திலிருந்தே ஒளிந்திருந்தது. 2017இல் ஆந்திரேய் கொனவாலவ் அதைக் கண்டுபிடித்தபோதுதான், எந்தச் சிறப்பு உரிமையும் இல்லாத ஒரு பயனர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற அதுவரை வழி திறந்தே இருந்தது தெரியவந்தது. யாரும் ஓட்டாத நிரலில் பிழை வெளிப்பட யாரும் இல்லை. தாக்குபவர் மட்டுமே அதை ஓட்டிப் பார்ப்பார். டிசிசிபி கடைசியில் 2025இல், 6.16 பதிப்பில் நீக்கப்பட்டது. என்னைக் கேட்டால் 2017இலேயே போயிருக்க வேண்டும்.

கேள்வி: லினக்ஸ் பிறந்ததே 386 பிராசசரில்தான். பிறந்த வீட்டையே இடித்தது நன்றிகெட்ட செயல் இல்லையா?
— வங்கி ஊழியர், மதுரை

பதில்: லினஸ் டோர்வால்ட்ஸ் முதலில் எழுதிய கெர்னல் அவருடைய 386 கணினிக்காகத்தான். 2012 டிசம்பரில் 386க்கான ஆதரவை நீக்கும் பேட்ச்சை (நிரலில் செய்யும் மாற்றத்தின் தொகுப்பை) கெர்னல் நிரலாளர் இங்கோ மோல்நார் அனுப்பியபோது, அந்தப் பழைய கணினியில் இனிப் புதிய கெர்னல் ஏறாது என்பதை அவர் நினைவூட்டவும் செய்தார். எனக்கு அந்த மாதிரிப் பாசமெல்லாம் கிடையாது என்ற பொருளில் ஒரு வரி எழுதி, லினஸ் அதை ஏற்றுக்கொண்டார். 2013 பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்பிலிருந்து 386 இல்லை. அந்தச் சிப்பின் உற்பத்தியை இன்டெல் 2007இலேயே நிறுத்திவிட்டிருந்தது.

நன்றியைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லவில்லை. தொழில்நுட்பக் காரணத்தை மட்டும் சொல்கிறேன். 386இல் ஒரு விநோதம் உண்டு: படிக்க மட்டும் என்று குறிக்கப்பட்ட நினைவகப் பக்கத்தில் பயனர் நிரல் எழுத முயன்றால் தடுக்கும்; கெர்னலே எழுதினால் தடுக்காது. ஒரு பக்கத்தை இரண்டு செயல்முறைகள் பகிர்ந்துகொண்டு, எவரேனும் எழுதும்போது மட்டும் நகல் எடுப்பது என்ற ஏற்பாட்டுக்கு இந்தத் தடுப்பே அடிப்படை. ஆகவே கெர்னல் பயனர் நினைவகத்தில் எழுதும் இடங்களில் 386க்காக மட்டும் கைமுறையாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அதோடு, ஒப்பிட்டு மாற்றுவதை ஒரே மூச்சில் செய்யும் கட்டளையும் 386இல் இல்லை. அது 486இல்தான் வந்தது. இன்றைய கெர்னலில் பூட்டுகளும் எண்ணிகளும் அந்தக் கட்டளையை நம்பியே நிற்கின்றன. ஒரு பழைய சிப்புக்காக, எல்லாருடைய நிரலின் அடித்தளத்திலும் ஒரு மாற்றுப்பாதையை வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அதுதான் சிக்கல்.

486இன் முறையும் வந்துவிட்டது. அதை நீக்கலாம் என்று 2022இலேயே லினஸ் பேசினார். 2025 ஏப்ரலில் அதற்கான பேட்ச் தொகுப்பையும் மோல்நாரே அனுப்பினார். 8 பைட்டுகளை ஒரே மூச்சில் ஒப்பிட்டு மாற்றும் கட்டளையும் நேரம் எண்ணும் பதிவகமும் (பிராசசருக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) பென்டியத்தில்தான் வந்தன. அவை இல்லாத சிப்புகளுக்காக வைத்திருக்கும் போலிப் பாதைகளையும், மிதவைப்புள்ளிக் கணக்குகளை மென்பொருளிலேயே போட்டுக்காட்டும் பெரிய நிரல் தொகுதியையும் களைவதே அதன் நோக்கம்.

கேள்வி: ஒரு பகுதியை நீக்குவது என்று முடிவெடுத்தால், முன்னறிவிப்பு, கெடு என்று ஏதாவது விதிமுறை உண்டா? ரெய்சர்எஃப்எஸ் விஷயத்தில் அது பின்பற்றப்பட்டதா?
— கணினி நிர்வாகி, சென்னை

பதில்: எழுதிவைத்த ஒரே விதி என்று எதுவும் இல்லை. ஒரு காலத்தில் அதற்கு முயன்றார்கள். நீக்கப்படவிருக்கும் வசதிகளின் அட்டவணை என்ற பெயரில் ஒரு கோப்பு கெர்னலின் ஆவணங்களுக்குள் இருந்தது. எது, எப்போது, ஏன் போகிறது, யார் பொறுப்பு என்று அதில் வரிசையாக எழுதிவைப்பார்கள். குறித்த தேதி கடந்தும் நீக்கப்படாதவை அதில் குவிந்தன. பயனர்களோ அப்படி ஒரு கோப்பு இருப்பதையே அறியவில்லை. 2012இல் லினஸ் அந்த அட்டவணையையே நீக்கிவிட்டார். நீக்க வேண்டியவற்றின் பட்டியலே முதலில் நீக்கப்பட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். ஆனால் முடிவு சரியானதே: யாரும் படிக்காத கோப்பில் ஓராண்டுக்கு முன்பே எழுதிவைத்தோம் என்பது, ஒருவருடைய கணினி ஓடாமல் போனதற்குச் சமாதானம் ஆகாது.

இப்போது பழக்கத்தில் இருக்கும் படிகள் வேறு. பயனர் நிரல்களுக்குத் தெரியும் இடைமுகங்களுக்கான ஆவணங்கள் நிலையானவை, சோதனையில் இருப்பவை, வழக்கொழிந்தவை, நீக்கப்பட்டவை என்று நான்கு அடைவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன; ஓர் இடைமுகம் ஓர் அடைவிலிருந்து அடுத்ததற்கு நகரும். டிரைவர் என்றால், 2008 முதல் இருக்கும் ஸ்டேஜிங் என்ற பகுதிக்கு அதை நகர்த்துவார்கள். புதிய, இன்னும் தேறாத டிரைவர்கள் உள்ளே வரும் திண்ணை அது. வெளியே போகிறவையும் அதே திண்ணையில் சில பதிப்புகள் உட்கார்ந்துவிட்டுத்தான் போகின்றன. யாராவது பதறிக்கொண்டு வந்தால் திரும்ப உள்ளே அழைத்துக்கொள்ளலாம். வைமேக்ஸ் என்ற கம்பியில்லா வலையமைப்புக்கான நிரல் அப்படித்தான் 5.11இல் திண்ணைக்கு வந்து 5.13இல் கிளம்பியது.

ரெய்சர்எஃப்எஸ்ஸுக்கு இவற்றைவிட நீண்ட அவகாசம் கிடைத்தது. 2001இல், 2.4.1 பதிப்பில் அது சேர்ந்தபோது, மின்சாரம் திடீரென்று போனாலும் கோப்புகள் சிதையாமல் காக்கும் குறிப்பேட்டு வசதியோடு அதிகாரபூர்வக் கெர்னலுக்குள் வந்த முதல் கோப்பு முறைமை அதுவே. சூசே லினக்ஸ் அதைத் தன் இயல்பான கோப்பு முறைமையாக வைத்திருந்து, 2006இல் கைவிட முடிவெடுத்தது. அதன்பின் புதிய பயனர் வரவு நின்றது. 2022 பிப்ரவரியில், நினைவகப் பகுதியில் தாம் செய்ய விரும்பிய மாற்றங்களுக்கு இது முட்டுக்கட்டையாக இருப்பதைச் சுட்டி, இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா என்று மாத்யூ வில்காக்ஸ் கேட்டார். ஆம் என்று சிலர் சொன்னார்கள். மாற்றிக்கொள்ள அவகாசம் வேண்டும் என்றார்கள். ஆகவே 5.18 பதிப்பில் அது கைவிடப்படுவதாக அறிவித்து, 2025இல் நீக்குவது என்று முடிவு செய்தார்கள். அந்தக் கோப்பு முறைமையை இணைக்கும் ஒவ்வொருவருக்கும் கெர்னலின் பதிவேட்டில் எச்சரிக்கை தெரியும்படியும் செய்தார்கள். யாரும் திறக்காத ஆவணத்தில் எழுதுவதற்கும், பயன்படுத்துகிறவரின் திரையிலேயே எழுதுவதற்கும் எவ்வளவு வேறுபாடு! சொன்ன கெடுவுக்கு, 6.13இல், யான் காராவின் பேட்ச் அதை நீக்கியது. இதைவிட முறையாக ஒன்றுக்கு விடைகொடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பது லினஸ் கோபத்தோடு வலியுறுத்தும் விதி என்று படித்திருக்கிறேன். அப்படியானால் நீக்கம் என்பதே அந்த விதிக்கு முரண் அல்லவா?
— மென்பொருள் பொறியாளர், பெங்களூரு

பதில்: உடைந்தது என்று சொல்ல ஒருவர் இருந்தால்தான் அது உடைப்பு. யாரும் ஓட்டாத நிரல் ஓடாமல் போவதை அங்கே உடைப்பாகக் கருதுவதில்லை. அதனால் ஒவ்வொரு நீக்கமும் ஒரு பந்தயம்தான்: யாரும் கேட்க மாட்டார்கள் என்று நம்பி எடுக்கிறார்கள், கேட்டால் திரும்ப வைக்கிறார்கள்.

ஏ.அவுட் என்னும் நிரல் கோப்பு வடிவத்தைப் பாருங்கள். 1990களின் நடுவிலேயே எல்ஃப் வடிவம் அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. ஆயினும் ஏ.அவுட்டை ஏற்றும் நிரல் 2022 வரை கெர்னலில் இருந்தது. கடைசியாக அதை எடுக்கும் பேச்சு வந்தபோது, பழைய ஏ.அவுட் கோப்பைக் கெர்னலின் உதவியில்லாமல் சாதாரண நிரலாகவே ஏற்றி ஓட்டலாம் என்று கீஸ் குக் ஒரு சிறு நிரல் எழுதிக் காட்டினார். இப்படி வேலையை வெளியே இறக்கிவைக்க வழி இருந்தால், விதியும் நிற்கும், சுமையும் குறையும். இஎக்ஸ்டி3 கோப்பு முறைமையின் நிரல் 2015இல் 4.3 பதிப்பில் நீக்கப்பட்டதைப் பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை. ஏனெனில் இஎக்ஸ்டி4 நிரலே பழைய வட்டுகளையும் படித்துவிடும். ஐடிஇ வட்டுகளுக்கான பழைய டிரைவர் தொகுதி 2021இல் போனபோதும் அதே நிலைதான்: அந்த வேலையை லிப்ஏடிஏ என்ற புதிய தொகுதி ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது.

திரும்ப வந்ததற்கும் சான்று உண்டு. எச்8/300 என்ற ஹிட்டாச்சிப் பிராசசருக்கான ஆதரவு 3.13இல் நீக்கப்பட்டது, ஒருவர் சீர்செய்து கொண்டுவந்ததால் 2015இல், 4.2 பதிப்பில் மீண்டும் சேர்ந்தது. பிறகு அதையும் கவனிக்க ஆளில்லாமல் 2022இல், 5.19 பதிப்பில் இரண்டாம் முறையாக வெளியேறியது.

கேள்வி: 2001இல் வந்த இட்டானியம் சிப்பை நீக்கிவிட்டு, அதைவிடப் பழைய மோட்டரோலா 68000 குடும்பத்தை இன்னும் வைத்திருப்பது எந்த நியாயம்?
— ஓய்வுபெற்ற மின்னணுப் பேராசிரியர், திருச்சி

பதில்: வயதை வைத்து அங்கே யாரும் முடிவெடுப்பதில்லை, ஐயா. கவனித்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்பதே கேள்வி.

68000 குடும்பத்துக்கு ஹேர்ட் உய்ட்டர்ஹூவன் என்ற பராமரிப்பாளர் பல ஆண்டுகளாக இருக்கிறார். பழைய அமிகா, அட்டாரி, மேக் கணினிகளை வைத்திருக்கும் ஆர்வலர் கூட்டம் ஒன்று அவரைச் சுற்றி இருக்கிறது. கெர்னலின் உள்ளே ஏதாவது மாறினால் அவர்களே சோதித்து, அவர்களே திருத்தி அனுப்புகிறார்கள். அடுத்தவருக்குத் தொந்தரவு இல்லை. இட்டானியம் அப்படி அல்ல. பல கோடி டாலர் செலவில் இன்டெல்லும் எச்பியும் வளர்த்த சிப்பு அது. விற்றவர்கள் விலகிய பிறகு கவனிக்க ஆள் இல்லாமல் போனது. 2021இல் வந்த 5.11 பதிப்பிலேயே அது அநாதை என்று குறிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையோடு இன்டெல் கடைசிச் சரக்கையும் அனுப்பி முடித்தது. 2024 ஜனவரியில் வெளியான 6.7இல் 65,000 வரிகளுக்கு மேல் நீங்கின. அதன்பிறகுதான் சில ஆர்வலர்கள் திரண்டு, அதிகாரபூர்வக் கெர்னலுக்கு வெளியே அதைத் தொடர்ந்து பராமரிக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

2018இல், 4.17 பதிப்பில் ஆர்ந்த் பெர்க்மன் ஒரே வீச்சில் எட்டுக் கட்டமைப்புகளை நீக்கினார்: பிளாக்ஃபின், கிரிஸ், எஃப்ஆர்வி, எம்32ஆர், மெட்டாக், எம்என்10300, ஸ்கோர், டைல். ஏறத்தாழ 5 லட்சம் வரிகள் போயின. எப்போதும் பெருத்துக்கொண்டே போகும் கெர்னல் அந்தப் பதிப்பில் முந்தையதைவிட மெலிந்தது. அந்த எட்டிலும் ஒரே சாயல் தெரியும். ஒரு நிறுவனம் தன் சிப்பை விற்பதற்காக ஆதரவைச் சேர்க்கும். சிப்பு விற்கவில்லை அல்லது நிறுவனம் வேறு கை மாறும். சேர்த்த பொறியாளர் வேறு வேலைக்குப் போய்விடுவார். அவர் விட்டுச்சென்றதை, அதற்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் சுமப்பார்கள்.

ஃபிளாப்பி டிரைவரும் 2019இல் இந்த விளிம்புவரை போனது. அதன் பராமரிப்பாளரிடமே ஓடும் ஃபிளாப்பி வன்பொருள் இல்லாமல் போனதால் அது அநாதையாகக் குறிக்கப்பட்டது. மெய்நிகர் கணினிகளில் இன்னும் அது தேவைப்படுகிறது என்பதால் உடனே நீக்கப்படவில்லை; விரைவிலேயே ஒருவர் பொறுப்பேற்க முன்வந்தார். இன்றும் இருக்கிறது.

கேள்வி: ஒரே வேலைக்கு இரண்டு மூன்று நிரல்கள் கெர்னலில் இருந்ததாகச் சொல்கிறார்களே, எதனால்?
— வாசகி, ஈரோடு

பதில்: புதியதை நம்பப் பயம், வேறில்லை. சிறு நினைவகத் துண்டுகளைப் பங்கிட்டுத் தரும் வேலைக்கு ஸ்லாப், ஸ்லோப், ஸ்லப் என்று மூன்று இருந்தன. ஸ்லப் 2007இல் வந்தது. ஸ்லோப் 2023இலும், மூத்ததான ஸ்லாப் 2024இலும்தான் நீங்கின. பதினாறு பதினேழு ஆண்டுகள் சேர்ந்தே குடித்தனம்.

கேள்வி: யாரும் பயன்படுத்தாததை நீக்குவது எளிது. கெர்னல் முழுக்கப் பரவி, எல்லாரும் பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஒன்று பழையதாகிவிட்டால் அதை எப்படி அகற்றுவார்கள்?
— முதுகலை மாணவி, திருநெல்வேலி

பதில்: வந்த கேள்விகளுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கெர்னல் வரலாற்றில் இதற்கு இணையில்லாத சான்று பெரும் கெர்னல் பூட்டு. அதை அகற்ற 15 ஆண்டுகள் ஆயின.

1996இல் வந்த 2.0 பதிப்புதான் ஒன்றுக்கு மேற்பட்ட பிராசசர்கள் உள்ள கணினியில் ஓடத் தொடங்கியது. அதுவரை ஒரே பிராசசரை நினைத்து எழுதப்பட்டிருந்த கெர்னலை முழுதும் திருத்த நேரமில்லை. ஆகவே ஒரே பூட்டு போட்டார்கள்: எந்த நேரத்திலும் ஒரு பிராசசர் மட்டுமே கெர்னலுக்குள் இருக்கலாம். ஊருக்கு ஒரே கிணறு, அதற்கு ஒரே வாளி என்பது போல. இரண்டு பிராசசர் இருந்த காலத்தில் அது போதும். பிராசசர்கள் எட்டும் பதினாறும் ஆனபோது வரிசை நீண்டது.

சிறு சிறு பூட்டுகளாகப் பிரித்துவிட்டுப் பெரியதை எடுத்துவிடலாமே என்று தோன்றும். அந்தப் பூட்டின் குணங்கள் அதற்கு இடம்கொடுக்கவில்லை. ஏற்கெனவே அதை வைத்திருப்பவர் மறுபடியும் அதையே போடலாம்; அதைப் பிடித்துக்கொண்டே ஒரு செயல்முறை உறங்கப்போனால் பூட்டு தானாக விடுபட்டு, விழித்ததும் தானாகத் திரும்பப் போடப்படும். இவை வசதியாக இருந்ததால், பல நூறு டிரைவர்களின் ஆசிரியர்கள் தம்மை அறியாமலே இந்தக் குணங்களை நம்பி எழுதியிருந்தார்கள். இந்தப் பூட்டு எந்தத் தரவைக் காக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் காத்துக்கொண்டிருந்தது. தொட்டால் எங்கே சரியும் என்று தெரியாத பழைய சுவர் மாதிரி. 2008இல் செமஃபோர் என்னும் வேறொரு பகுதியை மாற்றி எழுதியபோது, இந்தப் பூட்டு அதன்மேல் நின்றதால், ஏஐஎம்7 என்ற சோதனையில் வேகம் 40 சதவீதம் சரிந்தது. அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எத்தனை பேர் அந்த வாளியையே நம்பியிருந்தார்கள் என்பது அப்போது அம்பலமாயிற்று.

அவர்கள் கையாண்ட வழி, பூட்டை மேலிருந்து கீழே தள்ளுவது. முன்பு ஒரு டிரைவரை அழைப்பதற்கு முன்னால் மையக் கெர்னலே பூட்டைப் போட்டுவிட்டு அழைக்கும். 2005இல், பூட்டில்லாமல் அழைக்கப்படும் மாற்று நுழைவாயில் ஒன்றைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு டிரைவரையும் அந்த வாயிலுக்கு மாற்றி, பூட்டும் வரியை அந்த டிரைவருக்குள்ளேயே வைத்தார்கள். பூட்டு போய்விடவில்லை, ஆனால் இதற்குப் பூட்டு தேவை என்பது இப்போது அந்தந்தக் கோப்பிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு ஒவ்வொரு கோப்பாக எடுத்து, உண்மையிலேயே எதைக் காக்க வேண்டும் என்று ஆராய்ந்து, அதற்கென்று ஒரு சிறு பூட்டை வைத்து, பெரியதை எடுத்தார்கள். சலிப்பூட்டும் வேலை, புகழும் கிடைக்காது.

நாம் தொடக்கத்தில் பேசிய ரெய்சர்எஃப்எஸ் இங்கே மீண்டும் வருகிறது. உறங்கும்போது தானாக விடுபடும் அந்தக் குணத்தை அது அடிமுதல் நுனிவரை நம்பியிருந்தது. அதைப் பிரித்தெடுக்க முயன்ற ஃபிரெடெரிக் வைஸ்பெக்கர், ஒவ்வொரு வட்டுப் பகுதிக்கும் பெரும்பூட்டைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு குட்டிப் பூட்டை அமைத்துக்கொடுத்தார், 2.6.33இல் அது சேர்ந்தது. பழைய பழக்கத்தை ஒழிக்க முடியாமல், அதன் எல்லையை மட்டும் சுருக்கினார் என்று சொல்லலாம். கடைசிக் கட்டத்தை ஆர்ந்த் பெர்க்மன் முடித்தார். யாரும் சீர்செய்ய முன்வராத சில பகுதிகள், சிஐஎஃப்எஸ் வந்த பிறகு தேவையற்றுப்போன எஸ்எம்பிஎஃப்எஸ் (இரண்டுமே விண்டோஸ் கணினிகள் பகிரும் கோப்புகளை எட்டுவதற்கானவை) போன்றவை, ஸ்டேஜிங் திண்ணைக்குத் தள்ளப்பட்டு வெளியேறின. 2011 மே மாதம் வந்த 2.6.39இல் பெரும் கெர்னல் பூட்டு இல்லை.

இதே வகையில் போன இன்னொன்று செட்_எஃப்எஸ். 386 பிராசசரின் எஃப்எஸ் என்ற பதிவகத்தின் பெயரைத் தாங்கிய அந்தச் செயற்கூறு, லினக்ஸின் முதல் நாட்களிலிருந்தே இருந்தது. அதன் பெயருக்குக் காரணமான பதிவகப் பயன்பாடு மறைந்து பல்லாண்டுகள் ஆன பின்னும் பெயர் நிலைத்தது. பயனர் முகவரியா என்று பார்க்கும் சோதனையைத் தற்காலிகமாகத் தளர்த்துவது அதன் வேலை. தளர்த்திய நிலையிலேயே ஒரு செயல்முறை செத்துப்போனால் என்ன ஆகும் என்பதை 2010இல் வெளியான ஒரு பாதுகாப்பு ஓட்டை காட்டியது. எக்ஸ்86 கணினிகளில் 2020இல், 5.10 பதிப்பிலும், எல்லாக் கட்டமைப்புகளிலும் 2022இல், 5.18 பதிப்பிலும் அது ஒழிந்தது. 386 போய் ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் அதன் பதிவகத்தின் பெயரும் போனது.

கேள்வி: பழைய 32 பிட் கணினியில் லினக்ஸ் வைத்துக் கடைக் கணக்கு எழுதுகிறேன். நாளைக்கே நின்றுவிடுமா?
— மளிகைக் கடை உரிமையாளர், விருதுநகர்

பதில்: நிற்காது. உங்கள் கணினியில் இருக்கும் கெர்னலிலிருந்து யாரும் எதையும் பிடுங்க மாட்டார்கள். நீக்கம் அடுத்து வரும் பதிப்புகளுக்குத்தான். நீண்டகால ஆதரவுப் பதிப்பாகத் தெரிந்தெடுத்தால் சில ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்களும் வரும். ஆனால் இணையத்தோடு இணைத்திருக்கிறீர்கள் என்றால், திருத்தம் நின்றுபோன பதிப்பில் கணக்கை வைத்திருக்காதீர்கள். வட்டு ரெய்சர்எஃப்எஸ் முறையில் இருந்தால், இப்போதே வேறொரு வட்டுக்கு நகலெடுத்து, திறந்து பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பழைய கெர்னல் கிடைக்கும். அதை ஏற்ற ஒத்துக்கொள்ளும் கணினி அப்போது கிடைக்க வேண்டுமே.

கேள்வி: கெர்னலுக்குப் பங்களிக்க விரும்புகிறேன். பயன்படாத நிரலை நீக்குவது தொடக்கக்காரருக்கு ஏற்ற வேலையா? எங்கிருந்து தொடங்குவது?
— கணினி அறிவியல் மாணவர், சேலம்

பதில்: ஏற்ற வேலை, ஆனால் எளிய வேலை என்று நினைக்காதீர்கள். முதலில் பராமரிப்பாளர்கள் பட்டியலைப் படியுங்கள். அதில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிலை குறிக்கப்பட்டிருக்கும்; அநாதை, வழக்கொழிந்தது என்ற குறிப்புகள் உள்ளவற்றைத் தனியே எடுங்கள். பிறகு கிட் என்ற, மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியில் உள்ள வரலாற்றைப் பாருங்கள். ஒரு டிரைவரில் கடந்த பத்து ஆண்டுகளில் நடந்த மாற்றங்கள் எல்லாம் கெர்னல் முழுக்கச் செய்த பொதுத் திருத்தங்களாகவே இருந்து, இந்தக் கருவியில் இப்படி நடக்கிறது, திருத்தினேன் என்று ஒரு வரிகூட இல்லையென்றால், அதை யாரும் ஓட்டவில்லை என்பதற்கு அதைவிட நல்ல அறிகுறி இல்லை. தொடக்க நிலையிலேயே செயலிழக்கும் பிழை ஏதேனும் ஒரு மாற்றத்தால் புகுந்து, ஆண்டுக்கணக்கில் யாரும் முறையிடாமல் இருப்பதைக் கண்டுபிடித்தீர்களானால் வழக்கு வென்றதுபோலத்தான்.

ஒரு செயற்கூற்றை யாரும் அழைக்கவில்லை என்று தேடல் கட்டளையை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதலாண்டில், எங்கள் சொந்த டிரைவர் ஒன்றில் அப்படி ஒன்றைத் தூக்கிவிட்டுப் பெருமையோடு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் இரவுத் தொகுப்பு உடைந்திருந்தது. இரண்டு துண்டுச் சொற்களை ஒட்டிப் பெயரை உருவாக்கும் ஒரு மாக்ரோ அதை அழைத்துக்கொண்டிருந்தது. முழுப்பெயர் எந்தக் கோப்பிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே எல்லா மாடியூல்களையும் சேர்க்கும் அமைப்பில், எக்ஸ்86க்கு மட்டுமன்றி ஆர்ம், எம்ஐபிஎஸ் போன்றவற்றுக்கும் குறுக்குத் தொகுப்பானால் தொகுத்துப் பாருங்கள்.

நீக்கும் பேட்ச்சோடு அனுப்பும் மடலில் மூன்றைத் தெளிவாக எழுதுங்கள்: எப்போதிலிருந்து பயன்பாட்டில் இல்லை, எப்படித் தெரியும், இதே வேலையை இப்போது எது செய்கிறது. அந்தப் பகுதியில் கடைசியாக உண்மையான திருத்தம் செய்தவருக்கும் ஒரு பிரதி போகட்டும். பதில் வராவிட்டால் ஒரு வெளியீட்டுச் சுற்று, அதாவது ஒன்பது பத்து வாரங்கள், பொறுத்திருங்கள். நான் பயன்படுத்துகிறேன் என்று ஒருவர் எழுதினால் எரிச்சல்படாமல், அடுத்த மாற்றங்களைச் சோதித்துத் தர முடியுமா என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் உங்கள் பேட்ச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பராமரிப்பாளர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்கும் பேட்ச்சை அனுப்பலாம். எவரும் வரவில்லையென்றால், டிரைவரோடு சேர்த்து அதன் கேகான்ஃபிக் (தொகுப்பு விருப்பங்களின் கோப்பு) பதிவு, மேக்ஃபைல் (தொகுப்புக் கட்டளைகளின் கோப்பு) வரி, ஆவணம், முன்னமைவுக் கோப்புகளில் அதன் பெயர், பராமரிப்பாளர் பட்டியலில் அதன் பத்தி ஆகியவற்றையும் அதே பேட்ச் தொகுப்பில் நீக்குங்கள். இந்தக் கடைசி வேலையைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். போன டிரைவர்களின் பெயர்கள் முன்னமைவுக் கோப்புகளில் இன்றும் தங்கியிருப்பதைத் தேடிப் பார்த்தாலே, முதல் பேட்ச்சுக்கு வேண்டியது உங்களுக்குக் கிடைத்துவிடும்.